எலும்பின் கணக்கு

கல்வராயன் மலையைப் போல் எலும்பும் மாறாது நிற்பது என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நாள்தோறும் கரைந்து, நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. 1923-இல் இலண்டன் லிஸ்டர் நிலையத்தில் ராபர்ட் ராபிசன், வளரும் எலும்பில் பாஸ்படேஸ் என்னும் நொதியைக் கண்டார். எலும்பின் வேலையைக் குருதியில் அளக்கும் முயற்சி அதிலிருந்து பிறந்தது. ஆயின் இவ்வகை நொதி கல்லீரலிலிருந்தும் குருதிக்கு வருகிறது. வளரும் பிள்ளைகளுக்கோ இயல்பாகவே அது மிகுதி.

பின்னர்ச் சிறுநீரில் ஹைட்ராக்ஸிபுரோலினை அளந்தனர். முந்தின நாள் இறைச்சியோ ஜெலட்டினோ உண்டவருக்கு அவ்வெண் ஏறிவிடும். அளந்தது எலும்பையா, விருந்தையா என்று நான் வியப்பதுண்டு!

எலும்பு கரைவதைக் காட்ட, 2011-இல் உலக வல்லுநர் குழு பரிந்துரைத்தது சி.டி.எக்ஸ். என்னும் புரதத் துணுக்கை. அதுவும் வைகறையில் உயர்ந்து பிற்பகலில் தாழும். உணவு உண்டாலும் தாழும். வெள்ளிமலையில் ஒரு மூதாட்டிக்கு விடியலில், வெறும் வயிற்றில் குருதி எடுக்கிறோம் என்று கொள்வோம். எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்தையும் கொடுக்கிறோம். சில மாதங்கள் கழித்து அவர் பேருந்தில் கள்ளக்குறிச்சிக்கு வந்து, நண்பகல் உணவுக்குப்பின் குருதி கொடுக்கிறார். எண் குறைந்திருக்கும், மருந்து பலித்தது என மருத்துவர் மகிழ்வார். மருந்தோ பிரிக்கப்படாமல் அவர் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம்.