நங்கூரத்திற்கு எவ்வளவு கயிறு?

2025ஆம் யூபிலி ஆண்டில் நம் ஆலயங்களில் கண்ட சின்னத்தை நினைவுகூர்வோம். நால்வர் ஒருவரையொருவர் அணைத்து நிற்க, முன்னிற்பவர் சிலுவையைப் பற்றியிருப்பார். அச்சிலுவையின் அடிப்பகுதி நீண்டு, கொந்தளிக்கும் அலைகளின்மேல் நங்கூரமாக வடிவெடுத்திருக்கும். எதிர்நோக்கின் அடையாளம் அது என்று மறையுரைகளில் கேட்டோம். ஆயினும் ஆரணியில் வாழும் நம்மில் எத்தனை பேர் நங்கூரத்தைக் கண்ணால் கண்டிருக்கிறோம்? கமண்டல நாகநதியில் நீரோட்டம் காண மழைக்காலத்திற்குக் காத்திருப்பவர் நாம். தறியோசை நமக்குப் பழக்கம். அலையோசையோ வேளாங்கண்ணித் திருப்பயணத்தின்போது மட்டும் கேட்பது. அதனால், நங்கூரம் என்றதும் கனத்த இரும்பு என்று எண்ணி, அக்கனமே கலத்தை நிறுத்துகிறது என்று முடிவுகட்டி விடுகிறோம். அது பாதி உண்மையே. மறுபாதி கயிற்றில் இருக்கிறது.

கடலில்லாத ஆரணியின் வரலாறும் ஒருகாலத்தில் நங்கூரக் கயிற்றோடு பிணைந்திருந்தது. 1751 டிசம்பரில் நம் ஊருக்கருகே இராபர்ட் கிளைவின் படையும் அதற்குத் துணைநின்ற மராத்தியக் குதிரைப்படையும் சந்தா சாகிபின் மகன் இராசா சாகிபையும் அவரோடு நின்ற பிரெஞ்சு வீரரையும் முறியடித்தன. 1782 சூனில் இங்கேயே ஐதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் மோதின. இப்போர்களில் நின்ற ஐரோப்பிய வீரர் அனைவரும் கடல்வழி வந்தவர்கள். ஆனால் சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் புயலுக்கு ஒதுங்கத்தக்க துறைமுகம் அன்று சென்னையிலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும், கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில் அலை கடந்து கரை சேர்ந்தனர். உள்நாட்டுக் கோட்டைகளின் விதியும் அந்நங்கூரக் கயிறுகளில் தொங்கியது என்றால் அது மிகையாகாது.

அக்கயிறுகள் தோற்ற இரவுகளும் உண்டு. 1746 செப்டம்பரில் லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். அடுத்த மாதமே, அக்டோபர் 13ஆம் நாள் இரவில் எழுந்த புயல் அவருடைய கப்பல் தொகுதியைச் சிதறடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1761ஆம் ஆண்டின் முதல் நாளில், புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்களைப் புயல் தாக்கியது. கடற்படைத் தளபதி ஸ்டீவன்ஸ் தம் கப்பலின் நங்கூரக் கயிற்றை வெட்டச் செய்து ஆழ்கடலை நோக்கி ஓடினார், கப்பல் பிழைத்தது. நெடுநேரம் நங்கூரத்திலேயே நின்ற பிற கப்பல்களுள் சில மூழ்கின, சில கரையில் மோதி உடைந்தன. பிடித்து நிற்பதற்கும் ஒரு காலம் உண்டு, விட்டுச் செல்வதற்கும் ஒரு காலம் உண்டு என்பதை அந்நாள் காட்டியது. இக்கருத்துக்குப் பின்னர் வருவோம்.

அக்காலக் கயிறுகள் பெரும்பாலும் சணலினத்து நாரால் திரிக்கப்பட்டவை. நம் நாட்டுக் கடல்களில் தென்னை நார்க் கயிறும் பெரிதும் வழங்கியது. அது நீரில் மிதக்கும். உப்புநீரில் எளிதில் மக்காது. இழுத்தால் நீண்டு கொடுத்து அலையின் அதிர்ச்சியைத் தாங்கும். 'கயிறு' என்னும் நம் சொல்லும் மலையாளத்துக் 'கயறு' என்னும் சொல்லும் ஆங்கிலத்தில் 'காயர்' என்று நிலைபெற்றன. பட்டிழைக்கு முறுக்கேற்றும் நெசவாளருக்குக் கயிற்றின் இரகசியம் புதிதன்று. தனி நார் எளிதில் அறும்; முறுக்கி இணைந்தபின் அதுவே கப்பலைத் தாங்கும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கடற்படை அதிகாரி சாமுவேல் பிரௌன் முதலியோரின் முயற்சியால் இரும்புச் சங்கிலி கயிற்றின் இடத்தைப் பிடிக்கலாயிற்று. பாறையிலும் பவளத்திட்டிலும் உரசினால் கயிறு தேய்ந்து அறும், சங்கிலி அறுவதில்லை. ஆனால் சங்கிலியின் பெரும்பயன் வேறொன்று. அதன் பாரம் கடலடியில் படிந்து, நங்கூரத்தின்மேல் விழும் இழுப்பைத் தரையோடு கிடையாக்குகிறது. கிடையாக இழுத்தால் நங்கூரத்தின் கொக்கி மேலும் ஆழப் புதையும். மேல்நோக்கி இழுத்தால் அதே கொக்கி பெயர்ந்து வந்துவிடும்.

இன்று நம் கரையோரத்து மீனவர் பலரும் செலுத்தும் சிறு விசைப்படகுகளுக்கும் இதுவே விதி. கரைக்கருகே இயந்திரம் நின்று, காற்றும் கரையை நோக்கி வீசினால், பாறைக்கும் படகுக்கும் இடையே நிற்பது நங்கூரம் ஒன்றே. அதற்கு எவ்வளவு கயிறு வேண்டும்? கடலின் ஆழத்தை மட்டும் அளந்தால் போதாது. ஆழம் 5 மீட்டர், ஓதம் ஏறினால் 1 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து படகின் முகப்பு 1 மீட்டர் எனக் கொண்டால் கூட்டுத்தொகை 7 மீட்டர். அமைதியான நாளில் இதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 35 மீட்டர் விடவேண்டும். காற்று வலுத்தால் ஏழு மடங்கு, 49 மீட்டர். புயற்காற்றில் பத்து மடங்கும் மிகையன்று. இரு மடங்கே விட்டு அது விறைத்து நின்றால், கயிறு கடலடியோடு 30 பாகைக் கோணத்தில் நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும். ஏழு மடங்கு விட்டால் அக்கோணம் ஏறத்தாழ 8 பாகையே. நங்கூரத்தை அடுத்துப் படகின் நீளத்துக்கேனும் சங்கிலி, அதன்மேல் நீண்டுகொடுக்கும் நைலான் கயிறு என்பது தேர்ந்தோர் கொள்ளும் முறை. கயிற்றின் மறுமுனை படகில் உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை மறந்து நங்கூரத்தையே கடலுக்குக் கொடுத்தவர்களும் உண்டு!

இவ்வறிவோடு திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தைத் திறந்தால், பழகிய பகுதி புதிதாகத் தோன்றுகிறது. புனித பவுலோடு 276 பேர் பயணம் செய்த கப்பல் பதினான்காம் இரவில் ஏதோ ஒரு கரையை நெருங்குகிறது. மாலுமிகள் முதலில் செய்தது என்ன? ஆழம் பார்த்தார்கள். முதலில் 20 பாகம். சற்றுத் தூரம் சென்றபின் 15 பாகம். அதன் பின்னரே கப்பலின் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கி, விடியலுக்காக மன்றாடினார்கள். அளவும் மன்றாட்டும் அங்கே ஒன்றையொன்று விலக்கவில்லை. அதே இரவில் சிலர், முன்புறத்து நங்கூரங்களை இறக்குவதுபோல் நடித்துச் சிறு படகில் தப்பியோட முயன்றதையும் நூலாசிரியர் மறைக்கவில்லை. விடிந்ததும் நங்கூரங்களை அவிழ்த்துக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரையை நோக்கிச் செலுத்தினார்கள். கப்பல் உடைந்தது, ஆயினும் ஓர் உயிரும் அழியவில்லை. அவர்கள் சேர்ந்த இடம் மால்டா தீவு.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் எதிர்நோக்கை உள்ளத்தின் நங்கூரம் என்கிறது. உரோமை நகரின் சுரங்கக் கல்லறைகளில் தொடக்கக்காலக் கிறிஸ்தவர் நங்கூரத்தைப் பொறித்து வைத்தனர். திருத்தந்தை புனித கிளமெந்து நங்கூரத்தோடு கட்டப்பட்டுக் கடலில் எறியப்பட்டார் என்பது மரபு. நங்கூரம் பற்றும் இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. படகிலிருப்பவன் உணர்வது கயிற்றின் இழுப்பை மட்டுமே.

நம் எதிர்நோக்கு பலமுறை பெயர்ந்து போவது ஏன்? நங்கூரம் பழுதன்று, நாம் விட்ட கயிறு குறுகியது. துன்பத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவே பொறுமையை அளந்து கொடுக்கிறோம். ஏறிவரும் ஓதத்தைக் கணக்கில் கொள்வதில்லை. ஒரு மாத மன்றாட்டுக்குப் பலனில்லையெனில் இறைவன் கைவிட்டார் என்கிறோம். காற்று வலுக்கும்போது கயிற்றை இழுத்துப் பிடிப்பது மனித இயல்பு. இன்னும் விட்டுக்கொடுப்பதே கடலறிந்தோர் செயல்.

இதைச் சொல்லும்போது, கைத்தறியை விட்டுப் பிழைப்பு தேடி வேற்றூர் சென்ற ஆரணிக் குடும்பங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. நம்பிக்கை தளர்ந்து போனார்கள் என்று அவர்களைப்பற்றி எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது நீதியன்று. புனித பவுலின் கப்பலும் விடிந்தபின் நங்கூரங்களைக் கழற்றிவிட்டது. ஸ்டீவன்சும் கயிற்றை வெட்டியே தம் மக்களைக் காத்தார். ஓரிடத்திலேயே நம்மைக் கட்டிவைப்பதற்காக நங்கூரம் தரப்படவில்லை. இருளில் பாறைமேல் மோதாமல், விடியும்வரை காப்பதற்கே அது தரப்பட்டது. விடிந்தபின் நிற்பதா செல்வதா என்பதை அவரவர் கரையைக் கண்டு முடிவு செய்யட்டும். இரவில் இருப்போருக்கோ, குறை கூறும் சொல்லைவிட, நம் கையிலுள்ள கயிற்றில் சில பாகங்களை முடிந்து கொடுப்பதே நம் கடமை.