அண்மைக் களஞ்சியங்களும் எண்ணிக்கை மயக்கமும்

இற்றைக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவிலிருந்து வந்த தபாற் கப்பல்கள் கொழும்பை நாடவில்லை. காலித் துறைமுகத்தையே நாடின. கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்பணை அக்காலத்தில் அமைந்திருக்கவில்லை. உலகச் செய்தியெல்லாம் காலியில் வந்திறங்க, அதனை வாசிக்க விரும்பிய வணிகரும் உத்தியோகத்தரும் ஏறத்தாழ 72 மைலுக்கு அப்பாற் கொழும்பிலே காத்திருந்தனர். இவ்விடைவெளியைக் கடத்தற்கு 'ஒப்சேவர்' பத்திரிகையார் 1850ஆம் ஆண்டிலே கண்ட உபாயம் புறா. கப்பலில் வந்த செய்தியைச் சுருக்கி எழுதிப் புறாவின் வழியே கொழும்புக்கு அனுப்பினர். 1858இல் காலிக்கும் கொழும்புக்குமிடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டபின் புறாக்களுக்கு அவ்வேலை இல்லாதொழிந்தது.

செய்தியை விரைந்து சேர்ப்பித்தற்கு இரு வழிகள் உள. கொண்டுசெல்வதன் வேகத்தைக் கூட்டுதல் ஒன்று. வேண்டுவோருக்கு அருகிலே முன்னதாகவே ஒரு படியைக் கொண்டுபோய் வைத்தல் மற்றொன்று. புறாவும் தந்தியும் முதல் வழியைச் சார்ந்தவை. இரண்டாவது வழி நம்மவர்க்குப் புதியதன்று. கந்தபுராணத்தைக் கேட்பதற்கு யாழ்ப்பாணத்தார் காஞ்சிபுரத்துக்குப் போகவில்லை. ஏட்டுப் படிகள் ஊர்தோறும் எழுதப்பெற்றன. கோயில்தோறும் ஒருவர் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரவர் இருந்து கேட்டனர். நூல் தோன்றிய இடம் கடலுக்கு அப்பால் இருந்தபோதிலும் அதன் களஞ்சியம் அயலிலேயே இருந்தது. இன்று இணைய உலகில் 'உள்ளடக்க விநியோக வலையமைப்பு' என்று பெயர் பெற்றிருக்கும் பெரும் ஏற்பாட்டின் உள்ளக்கருத்தும் இதுவேயாம்.

அவ்வேற்பாட்டின் வரலாறு சுருங்கியது. உலகளாவிய வலையை ஆக்கிய திம் பேர்னேர்ஸ்-லீ 1995ஆம் ஆண்டளவில், மாசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே தம் உடனாசிரியர்க்கு ஒரு வினாவை விடுத்தார். ஒரே தளத்தை ஒரே வேளையில் இலட்சக்கணக்கானோர் நாடினால் அத்தளம் நிலைகுலைகின்றதே, இதற்குப் பரிகாரம் யாது என்பதே அவ்வினா. கணிதப் பேராசிரியர் தொம் லெய்ற்றனும் அவருடைய மாணவர் டானியல் லெவினும் இதனை எடுத்துக்கொண்டனர். எந்தப் படியை எந்தக் களஞ்சியத்தில் வைப்பது, ஒரு களஞ்சியம் கெட்டால் அதன் சுமையை எவ்வாறு பகிர்வது என்பவற்றுக்கு அவர்கள் கண்ட கணிதமுறையே 1998இல் 'அக்கமாய்' என்னும் நிறுவனமாயிற்று. அப்பெயர் அறிவுடைமையைக் குறிக்கும் ஹவாய்ச் சொல். 2001 செப்ரெம்பர் 11இல் நியூயோர்க் இரட்டைக் கோபுரத்தில் மோதப்பட்ட முதல் விமானத்திலே லெவின் பயணஞ் செய்தார். முப்பத்தொரு வயதில் உயிர் துறந்தார்.

களஞ்சியம் அண்மையில் இருக்கவேண்டிய காரணத்தை ஒரு சிறு கணக்கினாற் காட்டலாம். கண்ணாடி இழையினுள்ளே ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலம் 14,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ளது. ஒரு வேண்டுகோள் போய் விடை திரும்பி வர விநாடியின் ஏழிலொரு பங்காவது கழியும். கடலடி வடங்கள் நேர்க்கோட்டிற் செல்வதில்லை ஆகையால் உண்மையிற் கூடுதலாகவே கழியும். இது சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் ஒரு பக்கம் திரையில் எழுவதற்குள் இத்தகைய போக்குவரவு பல நிகழவேண்டியிருக்கின்றது. சிங்கப்பூரோ கொழும்பிலிருந்து ஏறத்தாழ 2,700 கிலோமீற்றரே. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் 2018இல் சிங்கப்பூரிலே ஓர் அண்மைக் களஞ்சியத்தை அமைத்ததன் பொருத்தம் இதனால் விளங்கும். யாழ்ப்பாணத்தவராகிய மயூரநாதன் முன்னின்று 2003இல் வளர்க்கத் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வலையமைப்பினூடாகவே வாசகரை அடைகின்றது.

இனி, இக்களஞ்சியங்கள் மற்றொரு தொழிலையும் செய்கின்றன. யார், எப்பொழுது, எதனைக் கேட்டார் என்பதை அவை இடைவிடாது குறித்துக்கொள்கின்றன. இக்குறிப்புகளைத் தொகுத்தே மக்கள் எதிலே மனம் வைத்தனர் என்று சொல்லப்படுகின்றது. நாளைய வரலாற்றாசிரியனுக்கு இது கல்வெட்டுப் போன்ற மூலமாகும் என்று கருதுவாரும் உளர். அவ்வாறாயின், கல்வெட்டைப் போலவே இதனையும் சோதித்தல் கடமை.

சில வேளைகளில் இக்குறிப்பு வியக்கத்தக்க நுட்பத்துடன் பேசுகின்றது. 2019ஆம் ஆண்டு உலகக்கிண்ணத் துடுப்பாட்ட அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதியபொழுது, 'ஹொட்ஸ்ரார்' தளத்திலே ஒரே வேளையிற் பார்த்தோர் 25.3 மில்லியன் பேர். தோனி ஆட்டமிழந்ததும் அவ்வெண்ணிக்கை சரிந்து விழுந்தது. ஒரு மனிதனில் ஒரு தேசம் வைத்த நம்பிக்கை எக்கணத்தில் அற்றது என்பதை ஒரு கோட்டுப்படம் காட்டிவிட்டது. 2023இன் இறுதியாட்டத்திலே அதே தளத்தில் 59 மில்லியன் என்னும் எண்ணிக்கை பதிவாகியது. இத்துணைப் பேருக்கும் ஓரிடத்திலிருந்து படத்தை அனுப்ப எந்த வழங்கியாலும் இயலாது. ஊர்தோறும் வைத்த களஞ்சியங்களே அதனை இயலச் செய்தன.

வேறு சில வேளைகளில் அக்குறிப்பே நம்மை ஏமாற்றுகின்றது. இலங்கையிலே 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரிலிலும், 2022 ஏப்ரிலிலும் சமூக ஊடகங்கள் அரசினால் முடக்கப்பட்டன. அந்நாட்களிற் பலர் மெய்நிகர் தனியார் வலையமைப்பு என்னும் மறைவழியை நாடினர். அவ்வழியே சென்றவர் பிறநாட்டில் இருப்பவராகவே பதிவாவார். கண்டியிலோ கொழும்பிலோ இருந்து கவலையோடு செய்தி தேடியவர் ஏட்டிலே சிங்கப்பூர்வாசியாகவும் ஒல்லாந்தராகவும் ஆகியிருப்பர். அந்நாட்களின் ஏட்டை மாத்திரம் கொண்டு எழுதுபவன், இலங்கையர் அக்காலை வாய்மூடியிருந்தனர் என்று முடிவு கட்டவும் கூடும்.

அதனினும் பெரிய மயக்கம் மனிதரல்லாத வாசகரால் விளைவது. 'இம்பேர்வா' என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் கணிப்பின்படி 2024ஆம் ஆண்டு இணையப் போக்குவரத்தில் நூற்றுக்கு 51 வீதம் தானியங்கி நிரல்களாலானது. விக்கிமீடியா நிறுவனம் 2025 ஏப்ரிலில் வெளியிட்ட செய்தி இன்னும் தெளிவானது. மக்கள் பெரும்பாலும் ஒரே பக்கங்களை நாடுவர். 2024 டிசெம்பர் இறுதியில் முன்னாட் சனாதிபதி ஜிம்மி கார்ட்டர் மறைந்தபொழுது அவரைப் பற்றிய ஆங்கிலப் பக்கத்தை ஒரே நாளில் 2.8 மில்லியன் முறை திறந்தனர். இத்தகைய பக்கம் அண்மைக் களஞ்சியத்தில் ஏற்கெனவே இருத்தலாற் செலவு குறைவு. செயற்கை நுண்ணறிவுக்கு இரை தேடும் நிரல்களோ எவரும் தொடாத பக்கங்களையும் ஒன்றுவிடாது புரட்டுகின்றன. அவை களஞ்சியத்தில் இல்லாமையால் ஒவ்வொரு முறையும் மூலக் கிடங்குக்கே போகவேண்டியிருக்கின்றது. பார்வைகளில் 35 வீதமே நிரல்களுடையவை. செலவு மிக்க போக்குவரத்திலோ 65 வீதம் அவற்றினுடையது. 2025 மே, யூன் மாதங்களில் பிறேசில் நாட்டிலிருந்து வாசகர் பெருகியதாகத் தோன்றியது; நுணுகி ஆராய்ந்ததில் அவற்றுட் பெரும்பகுதி மனிதராக வேடம் பூண்ட நிரல்கள் எனக் கண்டனர். கணக்கைத் திருத்தியபொழுது மனித வாசகர் முந்திய ஆண்டினும் ஏறத்தாழ 8 வீதம் குறைந்திருந்தனர். கோயிலிலே புராணங் கேட்க வந்தோரை எண்ணியவன் தூண்களையும் சேர்த்து எண்ணியது போன்றது இது.

மிகைபட எண்ணுதல் ஒருபுறமாக, எங்கள் வன்னி நாட்டிலே நான் கண்டது பெரும்பாலும் குறைபட எண்ணுதலேயாகும். இலங்கையில் வணிகமுறை இணையச் சேவை தொடங்கியது 1995இல். அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியிலேதான் வலிகாமத்து மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். அவருட் பலர் பின்னர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். கொழும்பிலே இணையம் பிறந்த காலத்தில் எங்களுக்கு மின்சாரமும் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி பாடியது. சுற்றும் முறை எனக்கு வருகையிற் செய்தியின் குரல் நெளிந்ததென்று பெரியவர்கள் ஏசியது நினைவிலுண்டு. பீ.பீ.சீ. தமிழோசை கேட்க ஒரு பெட்டியின் முன்னே முப்பது பேர் குந்தியிருந்தனர். சனசமூக நிலையத்துக்கு வந்த ஒரு பத்திரிகையைத் தாள் தாளாகக் கழற்றிப் பத்துப் பேர் பகிர்ந்து வாசித்தனர். அச்சகத்தின் கணக்கிலே அது ஒரு படி மாத்திரமே.

எம்மிற் பெரும்பாலோர் கைத்தொலைபேசியைக் கையில் எடுத்தது 2009இன் பின், மீள்குடியேற்றத்தின் பிறகேயாம். ஆயினும் பகிர்ந்து வாசிக்கும் பழைய வழக்கம் புதிய கருவியிலும் தொடர்ந்தது. இதனை நான் அறிந்துகொண்டது என் பிழையினாலாதலின் அதனையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும்.

2020 மார்ச்சிலே கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன் பின்னர் ஒல்லாந்தர் ஆட்சி பற்றிய பாடம் ஒன்றை ஒளிப்பதிவாக்கி இணையத்தில் ஏற்றி, வகுப்பு மாணவர் முப்பத்துநால்வருக்கும் அறிவித்தேன். ஒரு கிழமை கழிந்தது, பார்வை பதினொன்று. அப்பதினொன்றில் நான்கு நானே திறந்து பார்த்தவை. எஞ்சிய ஏழினைக் கொண்டு வகுப்பு முழுவதையும் அளந்தேன். பார்க்கவில்லையென நான் கருதியவர்களின் பெயர்களுக்கு நேரே 'ஈடுபாடு இல்லை' எனப் பதிவேட்டிற் குறித்தேன்; சில பெற்றோருக்குத் தொலைபேசியிற் கடிந்தும் பேசினேன். ஒரு தாயார், "சேர், அவன் படிச்சவன்தான்" என்றார். அதனை நான் நம்பவில்லை.

பாடசாலை மீளத் திறந்த நாளில் அப்பாடத்திலே வினாக்கள் தொடுத்தேன். கறுவாத்தோட்டம் பற்றியும் தோம்பு பற்றியும், என் ஏட்டிற் பாராதவர்களாக இருந்தவர்களே விடை பகர்ந்தனர். தோம்பினை விளக்குகையில் நான் இடையிற் சொன்ன ஒரு பகிடியையும் சொல்லிச் சிரித்தனர். விசாரித்தபொழுது உண்மை வெளிப்பட்டது. அலைவரிசை ஓரளவு கிடைக்கும் பரந்தன் வீதிக்கரையிலே ஒரு மாணவனின் உறவினர் வீடு. அங்கே அவன் பாடத்தை ஒருமுறை தரவிறக்கி, நினைவு அட்டையிற் பதித்து, துவிச்சக்கர வண்டியில் வீடு வீடாகக் கொண்டுசென்று மற்றையோரின் தொலைபேசிகளுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். தொலைபேசி இல்லாத வீட்டார் அயல்வீட்டு விறாந்தையிற் கூடியிருந்து பார்த்தனர். தரவுக்குக் காசு ஒருமுறை; பார்த்தோர் இருபதின்மருக்கு மேல். மாசாச்சுசெற்ஸ் பேராசிரியர்கள் கணிதத்தாற் கண்டதை எங்கள் பையன் வண்டிச்சில்லினாற் கண்டிருந்தான். அவன் வைத்த களஞ்சியங்கள் குறிப்பேதும் எழுதாத களஞ்சியங்கள் என்பது ஒன்றே வேறுபாடு.

எல்லோரும் பார்த்தனர் என்று கூறவும் மாட்டேன். அட்டையைப் பெற்றும் திறவாதவர் இருவர் இருந்தனர். இணையத்திற் பார்வையாகப் பதிவான எழுவருள் ஒருத்தி, திறந்த அரை நிமிடத்திற்குள் மூடிவிட்டதாகத் தானே ஒப்புக்கொண்டாள். அன்று மாலை பதிவேட்டை எடுத்து, ஒவ்வொருவரையும் தனித்தனி கேட்டறிந்தபடி சிவப்பு மையினாற் குறிகளைத் திருத்தினேன். அந்தத் தாயாருக்கும் மறுபடி தொலைபேசி எடுத்தேன்.