ஸைத் இப்னு முஹம்மத், ஸைத் இப்னு ஹாரிஸா ஆன வரலாறு



பிள்ளைப் பாக்கியம் இல்லாத ஒரு தம்பதி குழந்தையொன்றை எடுத்து வளர்க்க நினைத்தால், "இஸ்லாத்தில் அதற்கு அனுமதி இல்லையே" என்று யாராவது சொல்லி விடுகிறார்கள். அது சரியா என்பதை வரலாற்றைக் கொண்டே பார்ப்போம்.

ஸைத் (ரழி) கல்ப் கோத்திரத்தைச் சேர்ந்தவர். சிறு வயதில் கொள்ளையரிடம் அகப்பட்டு அடிமையாக விற்கப்பட்டார். கதீஜா (ரழி) அவர்களிடம் வந்து, பின்னர் நபி (ஸல்) அவர்களிடம் சேர்ந்தார். மகனைத் தேடி அலைந்த தகப்பன் ஹாரிஸா, மீட்புப் பணத்தோடு மக்காவுக்கு வந்தார். நபியவர்கள் பணம் கேட்கவில்லை. முடிவை ஸைதிடமே விட்டார்கள். ஸைத் நபியவர்களோடு இருப்பதையே விரும்பினார். அதன் பிறகு நபியவர்கள் கஃபாவின் அருகே எல்லோர் முன்னிலையிலும் அவரைத் தன் மகனென்றும், ஒருவருக்கொருவர் வாரிசென்றும் அறிவித்தார்கள். இது நபித்துவத்துக்கு முன் நடந்தது. மக்கள் அவரை ஸைத் இப்னு முஹம்மத் என்றே அழைத்தார்கள்.

பின்னர் மதீனாவில் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5 ஆம் வசனங்கள் இறங்கின. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தகப்பன்மாரின் பெயராலேயே அழைக்க வேண்டும். தகப்பன் யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கச் சகோதரர்கள் என்பதே கட்டளை. அவர் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார்.

மாறியது பெயரும் வாரிசுரிமையும்தான். பாசம் குறையவில்லை. அல்குர்ஆனில் பெயர் குறிப்பிடப்பட்ட ஒரே ஸஹாபி ஸைத்தான். ஹிஜ்ரி 8 இல் (கி.பி. 629) முஃதா போரில் முதல் தளபதியாக நின்று ஷஹீதானார். அவருடைய மகன் உஸாமாவையும் நபியவர்கள் படைத்தளபதியாக்கினார்கள். அபூ ஹுதைஃபா (ரழி) வளர்த்த ஸாலிம் (ரழி) அவர்களையோ, குர்ஆனைக் கற்றுக்கொள்ளத் தகுந்த நால்வரில் ஒருவராக நபியவர்கள் குறிப்பிட்டார்கள்.

ஆகவே தடுக்கப்பட்டது பிள்ளை வளர்ப்பதல்ல, பிள்ளையின் வேரை மறைப்பது.

நம் நாட்டில் மகவேற்புக்கு 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உண்டு. நீதிமன்றக் கட்டளை பெற வேண்டும். இதைத் தவிர்க்கச் சிலர், தாங்களே பெற்றதாகப் பிறப்பைப் பதிகிறார்கள். அது சட்டப்படி குற்றம், மார்க்கப்படி பொய். நிக்காஹ் பேசும் நாளிலோ மையித்து வீட்டிலோ உண்மை வெளிவந்தால் உடைந்து போவது அந்தப் பிள்ளைதான்.

சொத்து விடயமும் அப்படியே. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாசனம் எழுதாமல் மௌத்தாகும் முஸ்லிமின் சொத்து அவரது மத்ஹபின்படியே பங்கிடப்படும். அதில் வளர்ப்புப் பிள்ளைக்குப் பங்கில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம். உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். இதைச் செய்யாமல் கண்மூடினால், "மகன்", "மகள்" என்று கூப்பிட்டு வளர்த்த பிள்ளை நடுத்தெருவில் நிற்கும்.

மஹ்ரம் விடயத்துக்கும் வழி உண்டு. இரண்டு வயதுக்குள் வளர்ப்புத் தாயின், அல்லது அவரது சகோதரியின் பாலை ஐந்து தடவை குடித்த பிள்ளை பால்குடி உறவாகிவிடும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. யாருடைய பால் யாருக்கு மஹ்ரமாக்கும் என்பதைக் குழந்தையை எடுக்கும் முன்பே ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யத்தீமைப் பொறுப்பேற்பவர் சுவர்க்கத்தில் தன்னோடு நெருக்கமாக இருப்பார் என்று இரு விரல்களைக் காட்டினார்கள் நபியவர்கள். எடுத்து வளருங்கள். விளங்கும் வயதில் உண்மையை நீங்களே சொல்லுங்கள். ஊரார் வாயால் அந்தப் பிள்ளை அதைக் கேட்க வேண்டாம்.