கடன் வாங்கிய வெளிச்சம்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், மேலூர்ப் பக்கத்திலிருந்தும் வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்தும் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் நடந்து விடியற்காலையில் நகரத்தை அடைந்த பார வண்டிகளும், சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரைத் தரிசிக்கக் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்ட கூண்டு வண்டிகளும், அச்சுக்குக் கீழே ஓர் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு செல்வது பழைய வழக்கம். மாடு களைத்தாலும், வண்டி நின்றாலும், எண்ணெய் உள்ளவரையில் அந்தத் தீபம் எரியும். இழுக்கும் சக்தியோடு அதற்கு யாதொரு சம்பந்தமும் கிடையாது.

1911-12ஆம் ஆண்டுகளை ஒட்டி டி.வி. சுந்தரம் ஐயங்கார் தென்னாட்டில் மோட்டார் போக்குவரத்துக்கு அஸ்திவாரமிட்ட காலத்திலும், உலகெங்கும் மோட்டார் வண்டிகளின் நிலை ஏறக்குறைய அதுவே. கார்பைடு கல்லின்மேல் தண்ணீர் சொட்டுவதால் உண்டாகும் வாயுவே முன்விளக்குகளுக்கு ஒளி தந்தது. பின்புறத்துச் சிவப்பு விளக்கு பெரும்பாலும் மண்ணெண்ணெயில் எரிந்தது. அமெரிக்காவில் 1912ஆம் வருஷத்துக் காடிலாக் கார் மின்சார விளக்குகளோடும் மின்சார ஸ்டார்ட்டரோடும் வெளிவந்த பின்னர்தான், எஞ்சின் சுழற்றும் டைனமோவும் அது நிரப்பும் பாட்டரியுமே வாகனத்தின் ஒளிக்கெல்லாம் ஆதாரம் என்ற ஏற்பாடு படிப்படியாக நிலைபெற்றது.

இந்த ஏற்பாட்டின் உறுதி இரண்டாம் உலக யுத்தத்தில் விளங்கிற்று. பெட்ரோல் அரிதாகிப்போன அந்நாட்களில் ஐயங்காரின் ஸ்தாபனம் கரிவாயு யந்திரத்தை உற்பத்தி செய்ய, பஸ்கள் அடுப்புக்கரியின் புகையைக் குடித்து ஓடின. எரிபொருள் அடியோடு மாறியும் விளக்குகளுக்குத் தனி மாற்றம் ஏதும் தேவைப்படவில்லை. எஞ்சின் எதனால் சுழன்றால் என்ன, சுழலும்வரை டைனமோவுக்குக் கவலை இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் டிராக்டர்கள் பெருகி, வயல்களிலிருந்து நெல்லையும், அலங்காநல்லூர் ஆலைக்குக் கரும்பையும் டிரெய்லர்களில் இழுத்துச் செல்லத் தொடங்கியபோதுதான் புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. டிரெய்லருக்குச் சொந்தமாக எஞ்சினும் இல்லை, எண்ணெய் விளக்கும் இல்லை. அதன் ஒளி முழுவதும் முன்னே செல்லும் வாகனத்திடமிருந்து ஒரு பிளக் வழியாகப் பெறும் கடன். வரப்பிலும் வண்டிப்பாதையிலும் குலுங்கி ஒயர் அறுந்தால் அந்தக் கடனும் நின்றுபோகும். பின்பலகையில் ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கரையே விளக்காகப் பாவித்து ஓடும் டிரெய்லர்களை இன்றும் நம் சாலைகளில் காணலாம்.

இப்போது வந்துள்ள மின்சாரக் கார் டிரெய்லரை இழுக்கும்போது அந்தக் கடன் மேலும் சிரமமாகிறது. வண்டியை ஓட்டும் பெரிய பாட்டரி பொதுவாக முந்நூறு வோல்ட்டுக்கு மேற்பட்டது. அதை நேரடியாகத் தொடுவது உயிருக்கே ஆபத்து. டைனமோ இருந்த ஸ்தானத்தில் அமர்ந்திருப்பது, அந்த உயர் அழுத்தத்தைக் குறைத்து 12 வோல்ட் பாட்டரிக்கு ஊட்டும் கன்வெர்ட்டர் ஒன்றே. பழைய குண்டு பல்புகள் பொருத்திய டிரெய்லரில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் தலா 21 வாட் வீதம் நான்கும், பின்விளக்குக்கு 5 வாட் வீதம் இரண்டும் ஒருங்கே எரிந்தால் 94 வாட், அதாவது சுமார் எட்டு ஆம்பியர் வேண்டும். தன் ஒவ்வொரு விளக்கின் மின்னோட்டத்தையும் கணினியால் அளந்துகொண்டே செல்லும் காரோ, இந்த அதிகப்படிப் பளுவைப் பழுதென்று கருதி மின்சாரத்தையே துண்டித்துவிடக்கூடும். ஆகையால், காரின் பின்விளக்கு ஒயரிலிருந்து சமிக்ஞையை மாத்திரம் அறிந்துகொண்டு, சக்தியை 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியே தனியாகப் பெறும் ஒரு சிறு கருவியை இடையில் பொருத்துகிறார்கள். எல்.இ.டி. விளக்குகளாயின் பளுவும் வெகுவாகக் குறைகிறது.

பின்விளக்கு அதை உடையவன் கண்ணில் படுவதில்லை. பின்னால் வரும் அந்நியனுக்காகவே அது எரிகிறது. எனவேதான் புதிய சக்தியை அமைப்பவர்கள் வேகத்தையும் தூரத்தையும் முதலில் எண்ணி, இதைக் கடைசியில் எண்ணுகிறார்கள். மின்சார டிராக்டர்கள் நம் வயல்களில் பெருகுவதற்கு முன்பே, டிரெய்லருக்குரிய எட்டு ஆம்பியரைச் சலுகையாக அல்லாமல் பாத்தியதையாக அவற்றின் அமைப்பிலேயே சேர்த்துவிடுவது விவேகம்.