தன் முகத்தைத் தானே வழிக்கிறது

1769-ஆம் ஆண்டு பாரிஸில் ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதினவர் தத்துவவாதியோ கவிஞரோ இல்லை, கத்தி செய்து விற்கிற ஒரு கைவினைஞர். பெயர் ழான்-ழாக் பெரே. புத்தகத்தின் பெயர் 'பொகொனொதொமி'. கிரேக்கத்தில் பொகொன் என்றால் தாடி, தொமி என்றால் வெட்டுதல். பெயர் ஏதோ பெரிய சாஸ்திரம் மாதிரி இருந்தாலும், துணைத்தலைப்பு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறது: தனக்குத் தானே சவரம் செய்யப் படிக்கும் கலை.

இதுக்கெல்லாம் ஒரு புத்தகமா எண்டு நாங்களும் சிரிச்சம். பிறகு எங்கட விடுதி நண்பன் ஒருத்தன் தன்ர அப்பப்பாவின்ர மடக்குச் சவரக்கத்தியை ஊரிலயிருந்து கொண்டுவந்தான். ஒரு சனிக்கிழமை நாலு பேரும் கண்ணாடிக்கு முன்னால நிண்டம். ஒருத்தருக்கும் ஒரு கன்னம்கூட ஒழுங்கா முடியேல்ல. அதுக்குப் பிறகுதான் பெரேயை மரியாதையோட பார்க்கத் தொடங்கினம்.

பிளேட் ரேசருக்குப் பழகின கைக்கு முதலில் பிடிபடாதது சரிவு. கத்தி தோலோடு ஏறக்குறைய 30 பாகையில் நிற்க வேணும். நிமிர்த்திப் பிடித்தால் தோலை வெட்டும். நல்லாய்ச் சாய்த்துவிட்டால் மயிரை இழுக்கும். மற்றக் கை சும்மா இருக்க ஏலாது, அது தோலை இழுத்துப் பிடிக்க வேணும். கத்தி நீளவாக்கில் ஒரு நூலளவு வழுக்கினாலும் காயம்தான். வலது கன்னத்துக்கு வாகாக இருந்த கை, இடது கன்னத்துக்கு மூக்கைக் குறுக்கறுத்துக்கொண்டு வருகிறது. போதாக்குறைக்குக் கண்ணாடி பக்கத்தையே மாற்றிக் காட்டுகிறது. இன்னொருவரின் முகத்தை வழிக்கிறவருக்கு இந்தக் கண்ணாடிச் சிக்கல் கிடையாது, சுற்றி வந்து நிற்கலாம். ஆக, நாவிதரைப் பார்த்துப் பழகினால் மட்டும் போதாது. தன் முகத்துக்கு வேறொரு பாடம் வேணும்.

அந்தப் பாடத்தின் பாதி சவரமே இல்லை, தீட்டுறது. பெரேயின் நீண்ட தலைப்பிலேயே தீட்டுக்கல்லை இனங்காண்பதும் தோல்வாரைப் பதப்படுத்துவதும் வந்துவிடுகின்றன. வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னால் போக வேணும், கூர் பின்னால் வர வேணும். திரும்பும்போது முதுகின் மேலேயே உருட்ட வேணும். நாங்கள் மறுவளமாய் இழுத்து ஒரு நல்ல இடுப்புப் பட்டியை வெட்டிப்போட்டம்.

பயந்தவர்களுக்காகப் பெரே ஒரு காப்பும் செய்தார். தச்சரின் சீவுளி மாதிரி, கூர் மட்டும் கொஞ்சம் வெளியே தெரியும்படி கத்திக்கு மரத்தில் ஓர் உறை. இன்றைய ரேசரின் மூதாதை அதுதான்.

புத்தகத்தின் கடைசியில் இரத்தம் குத்தி வெளியேற்றும் வைத்தியம் பற்றியும் ஒரு குறிப்பு இருக்கிறது. சவரப் புத்தகத்தில் இது ஏன் எண்டு கேட்கலாம். ஐரோப்பாவில் நெடுங்காலம் நாவிதரும் சத்திரசிகிச்சை செய்பவரும் ஒரே கூட்டம். பிரான்சில் 1743-இலும் லண்டனில் 1745-இலும்தான் இரண்டு தொழிலையும் சட்டப்படி பிரித்தார்கள். தமிழ்நாட்டில் நாவிதர் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் இருப்பதையும், பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் அந்த வீடுகளிலிருந்து வந்ததையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

தானே வழிக்கப் படிப்பதை ஒரு விடுதலையாகவே பார்த்தவர் பெஞ்சமின் பிராங்ளின். தன் சுயசரிதையில், 1788-இல் எழுதத் தொடங்கிய பகுதியில், ஓர் ஏழை இளைஞனுக்கு ஆயிரம் கினி கொடுப்பதைவிட, சவரம் செய்யவும் கத்தியைப் பராமரிக்கவும் சொல்லிக்கொடுப்பது அவன் வாழ்வுக்குக் கூடுதலான சந்தோஷம் தரும் என்கிறார். காசு செலவழிந்துவிடும். இதுவோ தினமும் கிடைக்கிற சுகம். நாவிதருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, அவரின் ஊத்தை விரல், வாய்நாற்றம், மொட்டைக் கத்தி ஒன்றையும் சகிக்கத் தேவையில்லை.

முதல் பாதி எங்களுக்குப் பிடிச்சுது. மற்றப் பாதியில்தான் இடறினம். சுதந்திரத்தைப் பற்றிச் சொல்ல வந்தவருக்கு அந்த விரல்கள் ஏன் ஊத்தையாகத் தெரிய வேணும்? யாழ்ப்பாணத்தில் குடிமை முறையால் வெள்ளாள வீடுகளுக்குக் கட்டுப்பட்டிருந்த நாவிதர், அந்த வீட்டு ஆம்பிளைகளின் கழுத்தில் கத்தி வைக்கலாம், கலியாணத்திலும் செத்தவீட்டிலும் சடங்கு செய்யலாம். அதே வீட்டுப் பந்தியில் சமமாக இருந்து சாப்பிட ஏலாது. ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு முகம் வழிக்கவும் அவருக்கு அனுமதி இருக்கேல்ல. கத்தி அவரின் கையில், யாருடைய முகம் என்று தீர்மானித்தது வேறு ஆட்கள். பிராங்ளினை வாசிக்கும்போது இது ஞாபகத்துக்கு வராமல் விடாது.

மிச்சக் கதை தெரிந்ததுதான். ஜில்லெட் 1903-இல் விற்பனையைத் தொடங்கியபோது அந்த வருஷம் போனவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டும். முதலாம் உலகப்போரில் அமெரிக்க இராணுவம் தன் சிப்பாய்களுக்கு ரேசர் கொடுத்தது. பிறகு தீட்டப் படிக்கிற தேவையே பலருக்கு இல்லாமல் போனது.

நாங்கள் அப்பப்பாவின் கத்தியைக் கடைசியில் பக்கத்து ரோட்டுச் சலூன் அண்ணையிட்டக் கொண்டுபோனம். அவர் இப்ப பாவிக்கிறது பாதி பிளேட் மாட்டுற கத்திதான். எண்டாலும் பழைய கத்தியை வெளிச்சத்தில திருப்பிப் பார்த்தார், விரல் நுனியால கூரைத் தொட்டார், லாச்சிக்குள்ள கிடந்த தோல்வாரை எடுத்து ஒரு பத்து நிமிஷம் பேசாமல் தீட்டினார். நீங்கள் எப்படிப் படிச்சனீங்கள் எண்டு கேட்டம். தகப்பனின்ர கடையில முதல் ஒரு வருஷம் பிரஷ்சும் சவர்க்காரமும் மட்டும்தான் கையில குடுத்தவையாம்.

"இருங்கோ தம்பி" எண்டார், எங்களில கூடத் தாடி வைச்சிருந்தவனைப் பார்த்து.