போர்ட் ஃபார்வர்டிங்: வீட்டு வழங்கியின் மூடிய வாசல்

போர்ட் ஃபார்வர்டிங் என்பது, வெளி இணையத்திலிருந்து ஒரு வீட்டின் முகவரிக்கு வந்துசேரும் கோரிக்கையை, அவ்வீட்டினுள் உள்ள குறிப்பிட்ட ஒரு கணினிக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடாகும். ரவுட்டர் எனப்படும் திசைவியில் இதற்கான விதி எழுதப்படுகிறது. வீட்டுக் கணினியையே சர்வராக, அதாவது வழங்கியாக, வைத்து இணையதளம் நடத்த முயலும் மாணவர்கள் பலரும் இடறும் இடம் இது. விதியைச் சரியாக எழுதிய பின்னும் தளம் வெளியே தெரியாமல் போவதுண்டு. அதற்கான தடைகள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றும் இணைய வரலாற்றின் ஒரு காலகட்டத்தில் வந்து சேர்ந்தது. அந்த வரலாறு தெரிந்தால், பழுதை எங்கே தேடுவது என்பதும், எப்போது தேடலை நிறுத்துவது என்பதும் விளங்கும்.

முகவரி எல்லாருக்கும் உண்டு என்ற காலம்

இன்றும் பயன்பாட்டிலுள்ள ஐபிவி4 நெறிமுறை, 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 791 என்னும் ஆவணமாக வெளிவந்தது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் வலையமைப்பு இதற்கு மாறியது. இதில் ஒரு முகவரி 32 பிட் நீளமுடையது. எனவே அதிகபட்சம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே சாத்தியம். ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் மட்டுமே இணைந்திருந்த அக்காலத்தில் இது மிகப் பெரிய எண்ணிக்கையாகத் தோன்றியது.

முகவரி கணினியைக் காட்டும். போர்ட் எண் அக்கணினியில் இயங்கும் சேவையைக் காட்டும். போர்ட் எண்கள் 0 முதல் 65,535 வரை உள்ளன. மின்னஞ்சல் பரிமாற்றத்திற்கு 25, இணையதளத்திற்கு 80, மறைகுறியாக்கப்பட்ட இணையதளத்திற்கு 443 என்பவை வழக்கமான எண்கள்.

அக்கால அமைப்பில், இணைந்த கணினி ஒவ்வொன்றும் கேட்கவும் செய்யலாம், பதில் சொல்லவும் செய்யலாம். டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகின் முதல் இணைய வழங்கி, செர்ன் ஆய்வகத்தில் அவர் பயன்படுத்திய நெக்ஸ்ட் நிறுவன மேசைக் கணினியே. இது வழங்கி, அணைத்துவிடாதீர்கள் என்ற பொருளில் ஒரு குறிப்பு அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. வழங்கிக்கெனத் தனிக் கட்டடம் தேவைப்படவில்லை. பிறர் வந்து சேரக்கூடிய ஒரு முகவரி இருந்தால் போதுமானதாயிருந்தது.

தற்காலிகமாக வந்த தீர்வு

1990களின் தொடக்கத்திலேயே முகவரிகள் தீர்ந்துவிடும் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. 1994 மார்ச்சில் வெளிவந்த ஆர்எஃப்சி 1597, சில முகவரித் தொகுதிகளைத் தனியார் பயன்பாட்டிற்கென ஒதுக்கியது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை ஆகியனவே அவை. இவற்றை எந்த நிறுவனமும் தன் வளாகத்துக்குள் பயன்படுத்தலாம். ஆனால் வெளி இணையத்தில் இவை செல்லாது.

அதே ஆண்டு மே மாதம் ஷெல் எகேவாங், பால் பிரான்சிஸ் ஆகியோர் ஆர்எஃப்சி 1631 வழியாக, நாட் எனப்படும் முகவரி மாற்றத்தை விவரித்தனர். உள் முகவரியை எல்லையிலேயே பொது முகவரியாக மாற்றி அனுப்பும் முறை இது. இது குறுகிய காலத் தீர்வு என்றும், நீண்ட காலத்திற்குப் பொருந்தாத குறைகள் இதற்கு உண்டு என்றும் அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது. ஜூலையில் வெளியான ஆர்எஃப்சி 1627, உலகில் ஒவ்வொரு முகவரியும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும் என்ற அடிப்படையை இப்போக்கு சிதைக்கும் என எதிர்ப்புத் தெரிவித்தது. நிரந்தரத் தீர்வாகக் கருதப்பட்ட ஐபிவி6 நெறிமுறையின் முதல் வரையறை 1995 டிசம்பரில் வந்தது. ஆயினும் அது பரவுவதற்கு முன்பே தற்காலிகத் தீர்வு வீடுகளுக்குள் வந்துவிட்டது.

இதை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புடன் ஒப்பிடலாம். தெருவுக்குத் தெரிவது ஒரே கதவு எண். வாயிற்காவலர், யார் வெளியே கடிதம் அனுப்பினார் என்று ஏட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் தாமாக வந்து நின்றால், எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று காவலருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். "80 என்று கேட்டு வருபவரை மூன்றாம் வீட்டுக்கு அனுப்பு" என்று அவரிடம் எழுதிக்கொடுக்கும் நிரந்தர உத்தரவே போர்ட் ஃபார்வர்டிங்.

தடைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்த விதம்

உள் முகவரி மாறுதல்: கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி முறை 1993 அக்டோபரில் வரையறுக்கப்பட்டது. இது முகவரியைக் குறிப்பிட்ட காலத்திற்குக் குத்தகையாகவே தருகிறது. வழங்கிக்கு 192.168.1.5 இருந்தபோது எழுதிய விதி, அது 192.168.1.9 ஆனதும் பயனற்றுப் போகும். திசைவியிலேயே வழங்கிக்கு நிலையான உள் முகவரியை ஒதுக்குவது இதற்குத் தீர்வு.

சேவையாளரின் தடை: 2001 ஜூலை 19 அன்று கோட் ரெட் என்னும் புழுநிரல், மைக்ரோசாஃப்ட் இணைய வழங்கி மென்பொருளின் குறையைப் பயன்படுத்தி, 14 மணி நேரத்துக்குள் 3,59,000-க்கும் அதிகமான கணினிகளைத் தொற்றியது. இதன் பின் அமெரிக்காவின் சில அகலப்பட்டை நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளுக்குள் வரும் 80-ஆம் போர்ட்டை அடைத்தன. இன்றும் பல நாடுகளில் இத்தகைய தடைகள் உள்ளன. 8080 போன்ற வேறு எண்ணில் முயன்றால் இத்தடை உள்ளதா என அறியலாம்.

கணினியின் தீச்சுவர்: 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைத் தொகுப்பு, தீச்சுவரைத் தானாகவே இயக்கியது. அதனால் திசைவி அனுப்பிய கோரிக்கை கணினியின் வாசலிலேயே நின்றுவிடலாம்.

உள்ளிருந்து சோதித்தல்: வீட்டுக்குள் இருந்தபடியே வீட்டின் பொது முகவரியைத் தட்டினால் சில திசைவிகள் பதில் தருவதில்லை. வெளியே போகும் கோரிக்கையை உள்ளேயே திருப்பிவிடும் திறன் அவற்றுக்கு இல்லை. டிசிபி இணைப்புகளுக்கு இத்திறன் கட்டாயம் என 2008 அக்டோபரில் ஆர்எஃப்சி 5382 வலியுறுத்தியும் நிலைமை முழுதும் மாறவில்லை. ஆகவே கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் தரவு வழியாகச் சோதிப்பதே சரியான சோதனை.

இரட்டை மாற்றம்: சேவையாளர் தந்த மோடமே திசைவியாகவும் இயங்க, அதன் பின்னால் மற்றொரு திசைவியை இணைத்தால் இரண்டு காவலர்கள் இருப்பதாகும். உத்தரவை இருவரிடமும் எழுதிக்கொடுக்க வேண்டும், அல்லது ஒன்றை வெறும் பாலமாக மாற்ற வேண்டும்.

வாசல் வீட்டிடம் இல்லாத நிலை

2011 பிப்ரவரி 3 அன்று, உலக இருப்பில் எஞ்சியிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகளும் ஐந்து மண்டலப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. இந்தியாவும் இலங்கையும் அடங்கிய ஆசிய-பசிபிக் மண்டலம் ஏப்ரல் 15 அன்றே தன் இறுதித் தொகுதியை எட்டியது. அதன் பின் கடும் அளவுக்கட்டுப்பாட்டுடன் மட்டுமே முகவரி வழங்கப்பட்டது.

இதன் விளைவாகச் சேவையாளர்கள் தங்கள் வலையமைப்பிலேயே மற்றொரு முகவரி மாற்றத்தை அமைத்து, பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்தனர். இதற்கென 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான தொகுதி 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டது. இங்கே முதல் காவலர் நிற்பது தெருமுனையில். அவருக்கு உத்தரவு எழுதும் உரிமை குடியிருப்பவருக்கு இல்லை. வீட்டுத் திசைவியில் எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை.

இதைக் கண்டறிவது எளிது. திசைவியின் நிர்வாகப் பக்கத்தில் காணும் வெளி முகவரியையும், முகவரி காட்டும் இணையதளம் ஒன்றில் தெரியும் முகவரியையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் விதி பயன்படும். வேறுபட்டால் வீட்டுக்கு அப்பால் மற்றொரு மாற்றம் நடக்கிறது. அம்முகவரி மேற்கண்ட 100.64 தொகுதிக்குள் இருந்தால் ஐயமே இல்லை.

தேடும் வரிசை

வரலாறு அண்மையில் சேர்த்த தடையை முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். முதலில் மேற்சொன்ன முகவரி ஒப்பீடு. அடுத்து, வழங்கி இயங்கும் கணினியிலிருந்தும், பின்னர் அதே வீட்டின் வேறொரு கணினியிலிருந்தும் தளத்தைத் திறந்து பார்த்தல். முதலாவதில் திறந்து இரண்டாவதில் திறக்காவிட்டால், குறை தீச்சுவரிலோ, வழங்கி 127.0.0.1 என்னும் தன் சொந்த முகவரியில் மட்டும் செவிமடுப்பதிலோ இருக்கும். மூன்றாவதாக விதியில் உள்ள உள் முகவரி, போர்ட் எண், டிசிபி தேர்வு ஆகியவற்றைச் சரிபார்த்தல். கடைசியாக மொபைல் தரவு வழியே வெளியிலிருந்து சோதித்தல்.

சேவையாளரின் மாற்றமே தடை என்றால் மூன்று வழிகள் உள்ளன: கட்டணம் செலுத்தி நிலையான பொது முகவரி பெறுதல்; வாடகை வழங்கி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே இணைப்பை ஏற்படுத்தி, எஸ்எஸ்எச் போன்ற சுரங்க வழியில் கோரிக்கைகளை உள்ளே பெறுதல்; ஐபிவி6 பயன்படுத்துதல். ஐபிவி6 முகவரி 128 பிட் நீளமுடையது என்பதால் பற்றாக்குறை இல்லை. முகவரி மாற்றமும் தேவையில்லை. திசைவியின் தீச்சுவரில் அனுமதி மட்டும் தர வேண்டும். ஆனால் பார்வையாளரிடமும் ஐபிவி6 இருக்க வேண்டும். இந்தியாவில் இது பெரிய தடையல்ல. ஐபிவி6 பயன்பாட்டில் முன்னணியில் உள்ள நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

வாசலைத் திறப்பவர் காவலையும் ஏற்க வேண்டும். 2016-இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் திசைவிகளையும் பெருமளவில் கைப்பற்றியது. தேவையான போர்ட்டை மட்டும் திறப்பதும், மென்பொருளைப் புதுப்பித்து வைப்பதும் கட்டாயம்.

சில ஆண்டுகளுக்கென வந்த ஓர் ஏற்பாடு முப்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அதனால் இணையம் நின்றுவிடவில்லை; ஆனால் வீடுகள் கேட்கும் இடமாக மட்டும் ஆகி, பதில் சொல்லும் வேலை பெரிய தரவு மையங்களிடம் சென்றது. தன் கணினியில் ஒரு பக்கத்தை வைத்து அதை உலகுக்குக் காட்ட முயலும் மாணவர் தோல்வியுறும்போது, குறை பெரும்பாலும் அவர் அறிவில் இல்லை. முகவரிப் பற்றாக்குறையின் நீண்ட கணக்கில் அவர் பங்குக்கு வந்த பாக்கி அது.