கத்துறது யாரு? ஒரு கறுப்பு-வெள்ளை அச்சுப் படத்தின் கதை

கன்னத்துல ரெண்டு கையையும் வெச்சு, வாயைப் பிளந்துட்டு நிக்கிற எமோஜியை நாம எல்லாரும் அனுப்பியிருப்போம். அதைப் பார்த்ததும் நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது, நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1893-ல் வரைந்த 'தி ஸ்க்ரீம்'. ஆனா இன்னைக்கு அந்த ஆரஞ்சு வானம் உள்ள ஓவியத்தைப் பேசப் போறதில்ல. 1895-ல் பெர்லின்ல அவர் அச்சடிச்ச கறுப்பு-வெள்ளைப் படத்தைத்தான் பேசப் போறோம்.

அச்சுன்னதும் போஸ்டர் கடையை நினைச்சுக்காதீங்க. ஓவியத்தை போட்டோ எடுத்து பிரின்ட் போட்ட கதை இல்ல இது. இது லித்தோகிராஃப், அதாவது கல்லச்சு. கல் மேல எண்ணெய்ப் பசையுள்ள மையால படத்தை வரையணும். அப்புறம் கல்லை ஈரமாக்கி மை உருளையை ஓட்டினா, வரைஞ்ச இடம் மையைப் பிடிச்சுக்கும். ஈரமான வெறும் இடம் தள்ளிடும். எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது, மொத்த டெக்னாலஜியும் அவ்வளவுதான்.

கலர் போயிட்டதால, பயத்தைக் கோடுகளே சுமக்க வேண்டியிருக்கு. வானம், கடல், கரை எல்லாம் வளைஞ்சு நெளியுது. பாலம் மட்டும் விறைப்பா நேர்கோட்டுல ஓடுது. எனக்கு ஓவியத்தைவிட இதுதான் அதிகமா வயித்தைக் கலக்குது.

இன்னொரு முக்கியமான விஷயம், படத்துக்குக் கீழே இருக்கிற எழுத்து. ஜெர்மன் மொழியில தலைப்பு, கூடவே ஒரு வரி. இயற்கை முழுக்க ஊடுருவின ஒரு பெரிய அலறலைத் தான் உணர்ந்ததா மூங்க் அதுல சொல்றார். அப்படின்னா அந்த உருவம் கத்தலீங்க! வெளியில இருந்து வர்ற அலறல் தாங்காம காதைப் பொத்திக்குது. 1892 ஜனவரியில நைஸ் நகரத்துல எழுதின டைரிக் குறிப்பிலும் இதே அனுபவம்தான்: சூரியன் மறையுது, வானம் ரத்தச் சிவப்பாகுது, ரெண்டு நண்பர்கள் முன்னாடி போயிடுறாங்க, இவர் மட்டும் நடுங்கிட்டு நிக்கிறார். படத்துல தூரத்துல தெரியுற ரெண்டு பேரைப் பாருங்க, அவங்கதான். கோடு எழுதினவரே கமென்ட்டும் எழுதி வெச்சிருக்கார், நாமதான் படிக்கல. 2019-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் இந்த அச்சுப் படத்தைக் காட்சிக்கு வெச்சப்போதான், இந்த விளக்கம் செய்திகள்ல பெருசா அடிபட்டுச்சு.

மூங்க்கை உலகம் சுத்த வெச்சதுல அச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓவியம் ஒரு சுவத்துல மட்டும்தான் தொங்கும். இந்தப் படம் 1895 டிசம்பர்லயே பாரிஸ்ல 'லா ரெவ்யூ பிளான்ஷ்' பத்திரிகையில வந்துடுச்சு. பத்து வருஷம் கழிச்சு டிரெஸ்டன்ல 'டி ப்ரூக்கெ' குழுவை ஆரம்பிச்ச இளைஞர்களுக்கு மூங்க் ஒரு முன்னோடி. (அந்தப் பேருக்கு அர்த்தம் 'பாலம்'. இந்தப் பாலத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா கேட்க நல்லாத்தான் இருக்கு.)

சரி, கையெழுத்து? சில பிரதிகள்ல மூங்க் கையெழுத்து போட்டிருக்கார், சிலதுக்குக் கையாலயே வண்ணமும் பூசியிருக்கார். இன்னைக்கு ஆன்லைன்ல 'சைன்டு பிரின்ட்'னு பார்த்தா உஷாரா இருங்க. கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகியிருக்கலாம். லென்ஸ் வெச்சுப் பார்த்தா, சாதாரண அச்சுல அது குட்டிக் குட்டிப் புள்ளிகளா உடையும். நிஜ பென்சில் தாள்ல லேசா பளபளக்கும்.

மூங்க்கின் பென்சிலுக்கு இன்னொரு கதையும் இருக்கு. 1893 ஓவியத்தின் இடது மேல் மூலையில, இதைப் பைத்தியக்காரன்தான் வரைஞ்சிருக்க முடியும்னு சின்னதா எழுதியிருக்கு. யாரோ பார்வையாளர் கிறுக்கினதுன்னு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். 2021-ல் நார்வே தேசிய அருங்காட்சியகம் அகச்சிவப்புப் படம் எடுத்து, கையெழுத்தை ஒப்பிட்டு, எழுதினது மூங்க்தான்னு சொல்லிடுச்சு.

இப்ப அந்தக் கல் எங்கேன்னு கேட்பீங்க. இல்ல. அந்தக் காலத்து அச்சகத்துல ஒரு வேலை முடிஞ்சா கல்லைத் தேய்ச்சு அடுத்த வேலைக்கு எடுத்துக்குவாங்க. சில டஜன் பிரதிகள் அடிச்சதும், மூங்க் ஊர்ல இல்லாத நேரத்துல, அச்சகத்துக்காரர் இந்தக் கல்லையும் தேய்ச்சுட்டார்.